சாம்பலிழுத்த கல்: இலங்கைத் துவரைமல்லியும் அமுக்கமின் அளவீட்டின் வரலாறும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. பிளந்தும் ஒன்றன்மேலொன்று சாய்ந்தும் கிடக்கும் பெரும் பாறைகளின் இடுக்குகளில் அமைந்த குகைகளே இவ்விகாரையாகும். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேயே என்பது மரபு. மகாவமிசம் நிகழ்ச்சியைக் கூறுகின்றதேயன்றி இடத்தின் பெயரைக் கூறவில்லை. அது பிற்கால நூல்களிலேயே காணப்படுகின்றது. ஆயினும் எழுதுவித்த காரணம் தெளிவானது. பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த அக்காலத்தில், ஓதுவார் மறையின் ஓதப்பட்டதும் மறைந்துவிடும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது. அவ்விகாரையிற் பின்னாளிற் பேணப்பட்ட ஏடுகள் 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தன. எனினும் மூலம் பல படிகளாகப் பிற நாடுகளுக்கும் பரவியிருந்தமையால் நூல் அழியவில்லை.

அலுவிகாரை என்னும் பெயர் ஒளியைக் குறிக்கும் 'ஆலோக' என்ற சொல்லின் வழிவந்ததென்பர். சிங்களத்தில் 'அளு' என்பது சாம்பலைக் குறிக்கும். ஒலியளவில் அயலவையாயினும் இவ்விரு சொற்களும் தம்முள் வேறானவை. லகரமும் ளகரமும் மயங்குதல் தமிழருக்குப் புதியதன்று. எனினும் இம்மயக்கத்தை நினைவிற் கொள்ளுதல் ஈண்டுப் பொருத்தமானதே. ஏனெனில், இம்மாவட்டத்தின் ஆற்றுப் படுகைகளிலும் கிடைக்கும் ஒரு கல், சாம்பலை இழுத்தமையாலேயே உலக விஞ்ஞானத்தின் ஏட்டில் முதன்முதலாகப் பதிவுபெற்றது.

அக்கல் துவரைமல்லி. ஐரோப்பிய மொழிகளில் தூர்மலின் என வழங்குவது. சிங்களத்தில் 'தோரமல்லி' என்பது ஒரு தனிக் கல்லின் பெயராயிராது, இலங்கையிற் கிடைக்கும் பலநிறக் கற்களுக்குப் பொதுப்பெயராக மணி வணிகரிடையே வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 'துவரைமல்லி' என்ற தமிழ் வடிவத்தையும் அச்சிங்கள மூலத்திற்கே கொண்டுசெல்கின்றது. துவரையென்றும் மல்லியென்றும் பிரித்து, சிறுமணிகளின் உருவை நினைந்து தமிழ்ச் சொற்பிறப்புக் காண விரும்புவோர் இருக்கலாம். சொல்லின் போக்கு அதற்கு இடந்தருவதாகத் தோன்றவில்லை. அண்டை மொழியிலிருந்து வந்த சொல்லுக்குத் தமிழ்ச்செவி தனக்கு இசைந்ததோர் உருவம் கொடுத்துக்கொண்டது எனக் கொள்ளுதலே தகும்.

மாத்தளை மலைகளில் ஊற்றெடுக்கும் அம்பன் கங்கை வடகிழக்கே இறங்கிச் செல்லும் வழியில் எலஹெர மணிக்கல் நிலம் உள்ளது. மண்ணின்கீழ்ப் படிந்துள்ள பருக்கைப் படையை 'இல்லம்' என்பர். அதனைத் தோண்டியெடுத்துக் கூடைகளில் இட்டு நீரில் அரித்தால் நீலம், செவ்வந்திக்கல், வைடூரியம், கோமேதகம் முதலியவற்றோடு துவரைமல்லியும் வரும். 1703இல் ஒல்லாந்தர் கொண்டுசென்ற கல் இந்நிலத்ததா, தெற்கே சப்பிரகமுவ ஆறுகளினதா எனத் துணிவதற்குச் சான்றில்லை. மாத்தளை அந்நாளிற் கண்டியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கரையோரமே ஒல்லாந்தர் கையிலிருந்தது.

அச்செய்தி பதிவான விதம் சுவையானது. 1707இல் செருமனியில் வெளிவந்த ஒரு நூலில், தாவுமியுசு என்னும் படை மருத்துவர் கூறியதாக ஒரு குறிப்பு உள்ளது. 1703இல் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தனர். அதன் பெயர் தூர்மலின் அல்லது தூர்மலே. சூடான தணலின் அருகே வைத்தால் அது சாம்பலை இழுக்கும். காந்தம் இரும்பை இழுப்பதுபோல் இழுப்பதோடமையாது, சற்றுப் பின்னர் அதே சாம்பலை உதறித் தள்ளவுஞ் செய்யும் என்பதே அக்குறிப்பு. ஒல்லாந்தர் இதனைச் 'சாம்பலிழுப்பான்' என அழைத்தனர். புகைக்குழாயிற் படிந்த சாம்பலை எடுப்பதற்கும் பயன்படுத்தினராம்.

சூடேற்றினால் ஈர்க்கும் இக்குணத்தை முதலிற் கண்டவர் ஒல்லாந்தர்தாமா என்பது வினாவிற்குரியது. மணிகளைத் தணலிலிட்டு ஊதுகுழலால் ஊதி நிறந்தேற்றும் வழக்கம் இலங்கை மணி வணிகரிடையே மிகப் பழையது. இடைக்கால அரபு நூல்களும் அதனைக் குறிப்பிடுகின்றன. தணலிலிருந்து எடுத்து ஆறவைத்த கல்லில் சாம்பல் பறந்துவந்து ஒட்டுவதும், சிறிது நேரத்தில் தெறித்து விழுவதும் தலைமுறை தலைமுறையாக அத்தொழில் செய்தோரின் கண்ணிற் படாதிருந்திருக்கும் என எண்ணுதல் அரிது. ஆனால் அவர்களுள் எவரும் எழுதிவைக்கவில்லை. அலுவிகாரையில் ஓதுவாருக்கு நேர்ந்த அச்சம் மணி வணிகருக்கு நேரவில்லை போலும்.

ஐரோப்பாவிலும் இக்கல் சிலகாலம் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1717இல் லெமெரி என்பார் இலங்கை ஆறொன்றிற் கிடைத்த கல்லெனக் கூறி இதனைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற் காட்டினார்; அதனை ஒருவகைக் காந்தமென்றே அவர் கருதினார். சுவீடனின் இலின்னேயசு 1747இல் தாம் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலின் முன்னுரையில் இதற்கு 'மின்கல்' எனப் பெயரிட்டார். அந்நூலே பெரும்பாலும் 1670களில் இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராயிருந்த போல் ஹேர்மன் சேர்த்த உலர்செடிகளைக் கொண்டு எழுதப்பட்டது. இலின்னேயசு இலங்கையைக் கண்டவரல்லர். லெமெரியின் கூற்றைக் கொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். நேரிற் காணாத நாட்டின் செடிகளை வகுத்தவர் கல்லையும் வகுத்தது வியப்பன்று. அவ்வகுப்பு சரியாக அமைந்ததே வியப்பு.

வேடிக்கை அளவீடாக மாறத் தொடங்கியது 1756இல் ஆகும். பெர்லினில் இலேமன் என்னும் கனிப்பொருளியலாளர் இக்கல்லை ஏப்பினுசு என்னும் பௌதிகவியலாளரிடம் காட்டினார். ஏப்பினுசு அதனைக் கொதிநீரிற் சூடேற்றி ஆராய்ந்தார். ஒரு முகம் நேர்மின்னையும் எதிர்முகம் மறைமின்னையும் பெறுவதை அவர் நிறுவினார். கண்ணாடியையும் அரக்கையும் தேய்த்தே மின்னைப் பெற்ற அக்காலத்தில், தேய்க்காமல் சூட்டினால் மட்டும் மின்பெறும் ஒரு பொருள், அதிலும் இருமுனைகளில் இருவகை மின்பெறும் பொருள், புதிய சிந்தனைக்கு வித்திட்டது. காந்தத்தின் இருமுனைகளோடு அதனை ஒப்பிட்ட ஏப்பினுசு, மின்னையும் காந்தத்தையும் ஒரே கணித முறையால் விளக்க முயன்றதற்கு இக்கல் ஒரு தூண்டுகோலாயிற்று.

இலண்டனில் யோன் கன்றன் 1759இல் இதனினும் ஒருபடி மேற்சென்றார். கல் சூடாக இருத்தல் காரணமன்று, வெப்பநிலை மாறுதலே காரணம் என்பதை அவர் காட்டினார். சூடேறும்போது நேர்மின் பெறும் முனை ஆறும்போது மறைமின் பெறும். மாற்றம் நின்றால் புதிய ஏற்றம் தோன்றாது. இழுத்த சாம்பலைக் கல் ஏன் உதறியது என்பதற்குரிய காரணமும் அக்காலத்தில் தெளிவாயிற்று. கல்லைத் தொட்ட துகள் அக்கல்லின் ஏற்றத்தையே பெறுகின்றது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பின்னர் கன்றன் காவலியிட்ட தகரக் கிண்ணத்திற் கொதிநீர் நிரப்பி, கிண்ணத்தோடு மின்காட்டியை இணைத்து, கல்லை நீருள் இட்டார். மின்காட்டி அசையவில்லை. இருமுனைகளிலும் தோன்றிய ஏற்றங்கள் அளவாற் சமமாயிருந்து ஒன்றையொன்று நீக்கின என்பது அதனாற் பெறப்பட்டது. ஒன்றும் நிகழாமையைக் கொண்டு ஒரு சமனை அளந்த இச்சோதனை அக்காலத்தின் நுண்ணிய சோதனைகளுள் ஒன்றெனலாம். 1824இல் புரூசுற்றர் இவ்விளைவுக்குத் தீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். தமிழில் அதனைத் தீமின் எனலாம்.

இதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தே அமுக்கமின் வருகின்றது. பாரிசில் சோபோன் கனிப்பொருளியல் ஆய்வுகூடத்தில் பிரீடெலின் உதவியாளராயிருந்த யாக் கியூரிக்கு 24 வயது. அவர் தம்பி பியேர் கியூரிக்கு 20 வயது. அவர்களுடைய சிந்தனை எளியது. துவரைமல்லி ஆறும்போது சுருங்குகின்றது, சுருங்கும்போது மின்பெறுகின்றது. அங்ஙனமாயின் ஆறவிடாமல், கையால் அமுக்கிச் சுருக்கினாலும் மின்பெறவேண்டுமன்றோ? எல்லாப் பளிங்குகளும் அவ்வாறு மின்பெறா. எவை பெறும், எத்திசையில் அமுக்கினாற் பெறும் என்பதையும் பளிங்கின் சமச்சீரைக் கொண்டு முன்னரே அவர்கள் தெரிவுசெய்துகொண்டனர். தற்செயலாகத் தடுக்கிவிழுந்து கண்ட உண்மையன்று இது.

கருவியோ மிகச் சாதாரணமானது. பளிங்கிலிருந்து இருமுகங்களும் சமாந்தரமாக அமையும்படி ஒரு துண்டை வெட்டி, அம்முகங்களில் வெள்ளீயத் தாளை ஒட்டினர். இருபுறமும் காவலியிட்டு ஒரு பிடிக்கருவியில் இறுக்கினர். தாள்களைத் தொம்சனின் காற்பகுதி மின்மானியோடு இணைத்தனர். இறுக்கியபோது மின்மானியின் ஒளிப்புள்ளி ஒருபக்கம் நகர்ந்தது. தளர்த்தியபோது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. துவரைமல்லி, குவாட்சு, புட்பராகம், நாகமணல், கரும்புச் சீனி, உரோசெல் உப்பு முதலிய பளிங்குகளில் இவ்விளைவைக் கண்டு, 1880 ஏப்பிரலில் பிரான்சியக் கனிப்பொருளியற் சங்கத்திலும், ஓகத்தில் விஞ்ஞானக் கழகத்திலும் அவர்கள் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் ஹாங்கெல் என்பார் இதற்கு அமுக்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாற் பெயர் சூட்டினார்.

கண்டதோடு நில்லாது அளக்கத் தொடங்கியமையே கியூரி சகோதரரின் தனிச்சிறப்பு. பிடிக்கருவியை விடுத்துத் தெரிந்த நிறைகளை ஏற்றினர். தோன்றிய ஏற்றத்தை, தெரிந்த கொள்ளளவை தானியல் மின்கலத்தால் ஏற்றிப் பெற்ற ஏற்றத்தோடு ஒப்பிட்டனர். துவரைமல்லியில் நான்கு விதிகள் வெளிப்பட்டன. இருமுனைகளின் ஏற்றங்களும் சமமும் எதிருமானவை. ஏற்றம் விசைக்கு நேர்விகிதசமனானது. பளிங்கின் நீளத்தை அது பொறுத்ததன்று. விசை மாறாதவரை முகத்தின் பரப்பையும் அது பொறுத்ததன்று. இறுதி இரண்டும் முதலிற் கேட்போருக்கு நம்பத்தகாதனவாகத் தோன்றும். பெரிய கல் பெரிய மின்னைத் தரவேண்டும் என்றே மனம் எண்ணும். ஆனால் பரப்புப் பெருகின் அலகுப் பரப்பின்மேல் அமுக்கம் அதே விகிதத்திற் குறைகின்றது. ஆதலால் மொத்த ஏற்றம் மாறாதிருக்கின்றது.

இன்றைய அலகிற் கூறின், குவாட்சுப் பளிங்கை உரிய அச்சுத் திசையில் 1 நியூற்றன் விசையால் அமுக்கும்போது ஏறத்தாழ 2.3 பிக்கோ கூலோம் ஏற்றம் தோன்றும். துவரைமல்லியில் அதன் முனைவச்சின் திசையில் 1.8 பிக்கோ கூலோம். ஒரு பிக்கோ கூலோம் என்பது கூலோமின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. 1 நியூற்றன் என்பது உள்ளங்கையில் 100 கிராம் நிறையை வைத்தாற் போன்றது. அவ்வளவு சிறு சுமைக்குக் குவாட்சில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் இலத்திரன்களின் ஏற்றம் முகத்தில் வெளிப்படுகின்றது. கியூரி சகோதரர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெற்ற பெறுமானங்கள் இவற்றிற்கு மிக அண்மையானவை என்பது அவர்தம் கைத்திறனுக்குச் சான்று.

ஏன் சில பளிங்குகள் மட்டும் இவ்வாறு மின்பெறுகின்றன? பளிங்கினுள் நேரயன்களும் மறையயன்களும் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. கறியுப்பைப் போல் அடுக்கில் ஒரு சமச்சீர் மையம் இருப்பின், எப்படி அமுக்கினும் நேரேற்றங்களின் நடுவும் மறையேற்றங்களின் நடுவும் ஓரிடத்திலேயே நிற்கும். மையம் இல்லையேல், அமுக்கும்போது அவ்விரு நடுக்களும் சற்றே விலகும். அவ்விலகலே முகங்களில் மின்னாக வெளிப்படும். பளிங்குகளின் 32 சமச்சீர் வகுப்புகளுள் 21இல் மையம் இல்லை. அவற்றுள் 20இல் அமுக்கமின் தோன்றலாம். அவ்விருபதில் 10 மட்டுமே தீமின்னும் உடையவை. துவரைமல்லி இப்பத்தில் அடங்கும். குவாட்சு இருபதில் அடங்குமேயன்றிப் பத்தில் அடங்காது. எந்த வகுப்பில் எத்தனை தனி மாறிலிகளை அளக்கவேண்டும் என்பதும் சமச்சீரால் தீர்மானமாகின்றது. பொதுவில் 18 தேவைப்படுமிடத்தில் துவரைமல்லிக்கு 4உம் குவாட்சுக்கு 2உம் போதும். இக்கணக்கைக் கூட்டக் கோட்பாட்டின் வழி ஒழுங்குபடுத்தியோருள் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சூரி பகவந்தம் ஒருவர். பளிங்குச் சமச்சீரும் பௌதிக இயல்புகளும் பற்றிய அவருடைய நூல் 1966இல் வெளிவந்தது.

மாத்தளையைச் சூழ்ந்த மலைநாட்டு நைசுப் பாறைகளில் குவாட்சு மணிகள் ஏராளம். அங்ஙனமாயின் மலையின் சுமை முழுவதையும் தாங்கும் பாறை ஏன் மின்பெறுவதில்லை என ஒருவர் வினவலாம். ஒவ்வொரு மணியும் மின்பெறுவது உண்மையே. ஆனால் மணிகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதால் ஒன்றன் ஏற்றத்தை மற்றொன்று நீக்கிவிடுகின்றது. எஞ்சியதும் ஈரத்தின் வழியே கசிந்துவிடுகின்றது. எனவே அளவீட்டிற்கு ஒற்றைப் பளிங்கு வேண்டும். அதன் அச்சுகளை முதலில் ஒளியாலோ ஊடுகதிராலோ கண்டறிந்து, பாகை பிசகாமல் வெட்டவேண்டும். திசை பிழைத்த தகட்டின் அளவு, எத்துணை நுண்ணிய மின்மானியால் எடுக்கப்பட்டாலும், பிழையான அளவே.

கியூரி சகோதரரின் கண்டுபிடிப்பை மறுதலையாகத் திருப்பியவர் இலிப்மன். அமுக்கினால் மின் தோன்றுமாயின், மின்னழுத்தம் கொடுத்தாற் பளிங்கு நீளவோ குறுகவோ வேண்டும் என வெப்பவியக்கவியலின் வழி 1881இல் அவர் கணித்துக் கூறினார். சகோதரர் அதே ஆண்டில் அதனைச் சோதித்து உறுதிசெய்தனர். இரு விளைவுகளுக்கும் மாறிலி ஒன்றே. 1 உவோற்றுக்குக் குவாட்சு 2.3 பிக்கோ மீற்றர் மாறும். அஃது ஓரணுவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கை அண்மிய நீளம். இத்துணைச் சிறிய அசைவை இன்று லேசர் ஒளியின் தலையீட்டால் அளக்கின்றனர்.

அளக்கப்பட்ட பொருளே அளவுகோலாக மாறியதுதான் இவ்வரலாற்றின் செறிவான பகுதி. நிறைக்கும் ஏற்றத்திற்கும் உள்ள விகிதம் மாறாததாயின், தெரிந்த நிறையைத் தொங்கவிட்டுத் தெரிந்த ஏற்றத்தைப் பெறலாமன்றோ? நீண்ட, மெல்லிய குவாட்சுத் தகட்டை நிறுத்தி, அதன் கீழ்முனையில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, தட்டில் நிறைகளை ஏற்றும் கருவியைச் சகோதரர் அமைத்தனர். நீளத்திசையில் இழுத்து அகன்ற முகங்களில் ஏற்றத்தைப் பெறும்போது, நீளத்தைத் தடிப்பால் வகுத்த மடங்கு ஏற்றம் பெருகும். 10 சென்ரிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகட்டில் அப்பெருக்கம் 200 மடங்காகும்.

1897ஆம் ஆண்டின் இறுதியில் மேரி கியூரி யுரேனியக் கதிர்களை ஆராயப் புகுந்தபோது இக்கருவியே அவர் கைக்கு எட்டியது. யுரேனியத் தூளைத் தட்டில் பரப்பினால் அதன்மேலுள்ள காற்று சிறிது மின்கடத்தும். அவ்வோட்டம் ஓர் அம்பியரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கையும் எட்டாது. அதனை நேரே அளக்கும் மானி அக்காலத்தில் இல்லை. மேரி ஒரு கையால் நிறையைத் தாங்கிக்கொண்டு, குவாட்சின்மேல் சுமை மெல்ல மெல்ல ஏறும்படி விட்டார். மறு கையில் நேரமானி. கதிரால் வந்த ஏற்றத்தைக் குவாட்சின் எதிரேற்றம் அவ்வப்போது நீக்க, மின்மானியின் ஒளிப்புள்ளி சுழியிலேயே நிற்கவேண்டும். முழு நிறையும் ஏறி முடிய எத்தனை செக்கன் சென்றது என்பதே அளவு. நிறையை நேரத்தால் வகுக்க ஓட்டம் கிடைத்தது. கன்றனின் தகரக் கிண்ணத்தைப் போலவே இங்கும் அசையாமையே அளவீடாயிற்று. ஈரக்காற்றும் கை நடுக்கமும் இம்முறையின் பகைகள். நீண்ட பயிற்சியின்றி இதனைக் கையாளுதல் இயலாது. 1898 ஏப்பிரலில் வெளியான முதல் அறிக்கையில் தோரியமும் யுரேனியத்தைப் போற் கதிர்வீசுவதையும், பிச்பிளென்று என்னும் கனிப்பொருள் யுரேனியத்தினும் மிகுதியாகக் கதிர்வீசுவதையும் அவர் எண்களால் காட்டினார். அவ்வாண்டிலேயே பொலோனியமும் இரேடியமும் அறிவிக்கப்பட்டன. எண்ணின்றி அம்முடிவுக்கு வந்திருத்தல் இயலாது. கதிர் 'மிகுதி' என்று கண்ணாற் கண்டு கூறத்தக்கதன்று.

இக்கதை ஆறே ஆண்டுகளில் இலங்கைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றறிஞராக உலகறியப்படுமுன்னர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதற் பணிப்பாளராயிருந்தார். சப்பிரகமுவ மணிக்கல் நிலங்களிற் கிடைத்த, பாரமான கரிய சதுரமுகிகள் அவரிடம் வந்தன. முதலில் அவை யுரேனியக் கனிப்பொருள் எனக் கருதப்பட்டன. இலண்டனில் தன்சுற்றன் பகுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு இருந்தமை தெரியவந்தது. 1904இல் அதற்குத் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பைத்தான் இரம்சேயின் ஆய்வுகூடத்திற் பணியாற்ற வந்த இளைஞர் ஒற்றோ ஹான் ஆராய்ந்து, 1905இல் இரேடியோதோரியத்தைக் கண்டார். ஹான் கையாண்ட கருவி குவாட்சுத் தராசன்று. எனினும் கதிரை எண்ணாக்கும் வழியைத் திறந்துவைத்தது அத்தராசே.

குவாட்சின் பிற்காலப் பயன்கள் பலரும் அறிந்தவை, விரிக்கவேண்டுவதில்லை. 1917இல் இலாஞ்சவன் குவாட்சுத் தகட்டை அதிரச் செய்து கழியொலியால் நீர்மூழ்கிகளைத் தேடும் முறையை வகுத்தார். 1920களில் குவாட்சு அலையங்களும் மணிக்கூடுகளும் வந்தன. அளவீட்டு முறையும் இதனால் மாறியது. நிலையான சுமையை ஏற்றினால் ஏற்றம் கசிந்து பிழை நேருமென்பதால், சிறு விசையைச் செக்கனுக்கு நூறுமுறை அளவில் மாறிமாறிக் கொடுத்து, தெரிந்த பளிங்கோடு தெரியாத பளிங்கை ஒப்பிடும் மானிகள் தோன்றின. மாறுமின்னழுத்தம் கொடுத்து மீடிறனை மெல்ல உயர்த்தி, பளிங்கு பரிவுறும் மீடிறனையும் அதனையடுத்துத் தடை உச்சமாகும் மீடிறனையும் குறித்து, அவ்விரண்டின் இடைவெளியிலிருந்து மாறிலியைக் கணிப்பது இன்னொரு முறை. ஒற்றைப் பளிங்கு கிட்டாதபோது, தூளைத் தகடுகளிடையே இட்டு மீடிறனை மாற்றிச் செல்ல, துகள்கள் பரிவுறுங்கால் ஒலிவாங்கியில் எழும் சிறு சடசடப்பைக் கேட்டு அமுக்கமின் உண்டா இல்லையா என மட்டும் அறியும் முறையைக் கீபேயும் சைபேயும் 1925இல் வகுத்தனர். செவியால் அளக்கும் இம்முறை எத்தனையென்று கூறாது. உண்டென்று மட்டுமே கூறும்.

துவரைமல்லிக்கும் தனக்கென ஓரிடம் எஞ்சியது. நீரில் அமிழ்த்தி எப்பக்கமும் சமமாக அமுக்கினாற் குவாட்சின் ஏற்றங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒற்றை முனைவச்சுடைய துவரைமல்லியோ அப்போதும் மின்பெறும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீருள் நிகழும் வெடிப்புகளின் அமுக்கத்தை அளக்கத் துவரைமல்லி மானிகள் பயன்பட்டமை இவ்வியல்பினாலேயே.

மாத்தளை மாவட்டத்தின் கனிவளம் இன்று மணிக்கல்லோடு மட்டும் நின்றுவிடுவதன்று. இறத்தோட்டைப் பக்கத்தில் ஓவல, கைகாவலைப் பகுதிகளில் மட்பாண்டத் தொழிலுக்கு வேண்டும் களிக்கல் வெட்டப்படுகின்றது. அதே பக்கத்திற் புட்பராகமும் குவாட்சும் கிடைக்கின்றன. கியூரி சகோதரரின் முதற்பட்டியலில் இடம்பெற்ற புட்பராகம் பின்னர் ஐயத்திற்குரியதாயிற்று என்பதையும் கூறவேண்டும். அதன் அடுக்கில் சமச்சீர் மையம் உண்டு எனப் பளிங்கியலார் கொண்டமையால் அதில் அமுக்கமின் இருத்தலாகாது. புளோரினும் ஐதரொட்சிலும் அடுக்கினுள் ஒழுங்காக இடம்பிடிக்கும் சில கற்களில் அம்மையம் சிதைவதே காரணமெனப் பிற்காலத்தோர் விளக்கினர். ஒரே பெயருடைய இரு கற்கள் ஒரே அளவைத் தருவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

துவரைமல்லியின் பெயரிலும் அவ்வாறான பிரிவு நேர்ந்தது. இலங்கையில் மிகுதியாகக் கிடைக்கும் கல்சியமும் மகனீசியமும் கலந்த வகைக்கு, ஊவா மாகாணத்தின் பெயரைக் கொண்டு 'ஊவைற்று' என 1929இல் செருமானிய அறிஞர் குனிற்சு பெயரிட்டார். ஆகவே கனிப்பொருளியலின் பட்டியலில் இலங்கையின் பெயர் இருமுறை வருகின்றது, ஒருமுறை சிங்களச் சொல்லாகவும் ஒருமுறை ஊர்ப்பெயராகவும். அதே பட்டியலில் அக்கல்லுக்கு நேரே எழுதப்பட்டுள்ள எண்கள் பாரிசிலும் இலண்டனிலும் பெறப்பட்டவற்றின் வழிவந்தவை.

எலஹெரவில் இல்லம் அரிப்போர் நீலத்தையே தேடுகின்றனர். பழுப்பும் பச்சையுமாகக் கூடையில் தங்கும் துவரைமல்லி நீலத்தின் விலைக்கு அருகே வருவதில்லை. அதில் ஒன்றை எடுத்துத் தணலருகே சூடேற்றி, உலர்ந்த நாளொன்றில் சாம்பலின் அருகே வைத்து ஆறவிட்டால், 1703இல் ஒல்லாந்தர் கண்டது போலவே அது சாம்பலை இழுக்கும்; சிறிது நேரத்தில் உதறும்.